புட்டியடியில் ஓர் எண்

கிளெனிஸ் உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தபோது டிரெவர் ஒரு வைன் புட்டியைத் தலைகீழாகப் பிடித்தபடி வந்து பக்கத்தில் நின்றான்.

"கிளென், இந்த அடியில என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படி. கடைசி நாலு நம்பர் போதும்."

அவள் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கையில் சூடான பாத்திரம். "உன் கண்ணாடி எங்க?"

"ஷெட்டுல."

"அப்ப போய் எடுத்துட்டு வந்து நீயே படி. பட்டாணி ஆறிப்போகும்."

அவன் புட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் பின்கதவு வழியாகப் போனான். கதவைச் சாத்தவில்லை. ஆகஸ்ட் அங்கே குளிர்காலம்; வாடை அடுப்படி வரை வந்தது. அவள் முனகிக்கொண்டே ஆட்டுக்கறித் துண்டுகளைத் தட்டில் வைத்தாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். பட்டாணி நிஜமாகவே ஆறிப்போனது. வீட்டுச் செருப்போடு ஷெட்டுக்குப் போனபோது அவன் வேலைமேசைப் பக்கத்து முக்காலியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைக் கையில் எடுத்திருந்தான். போட்டுக்கொள்ளவில்லை.

இதயம் என்றார் டாக்டர். நடந்தாலும் நடக்காவிட்டாலும் வந்திருக்கும், சாப்பாட்டு நாற்காலியிலேயே வந்திருக்கும் என்றார். கிளெனிஸ் தலையாட்டினாள். நான் படித்துச் சொல்லியிருந்தால் அவன் வெளியே போயிருக்கமாட்டான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னதால் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். அந்தப் புட்டியை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலையில் எடுத்துத் துணி அலமாரியில் துவாலைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். படிக்கவில்லை.

டிரெவர் முப்பத்தைந்து வருஷம் தொலைபேசிக் கம்பிகளைச் சரிபார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு அவன் பிடித்துக்கொண்ட வேலை இதுதான்: பேர் ஒட்டாத சிவப்பு வைனை இணையத்தில் வேட்டையாடுவது. பெரிய தோட்டங்களில் விற்காமல் தேங்குகிற சரக்கைச் சில தளங்கள் லேபிள் இல்லாமல் மலிவாகத் தள்ளிவிடும். 'பேரைச் சொன்னால் எங்கள்மேல் வழக்குப் போடுவார்கள்' என்று தளத்தில் எழுதியிருக்கும். 'கடையில் அறுபது டாலர், இங்கே ஒன்பது' என்று எழுதியிருக்கும். டிரெவர் அதை உரக்கப் படித்துச் சிரிப்பான். "விக்கிறவன் சொல்றத விடு, புட்டி என்ன சொல்லுதுன்னு பாரு" என்பான்.

புட்டி நிறையச் சொல்லும். பேர் இல்லாவிட்டாலும், சாராயச் சத்து எவ்வளவு, எந்த வட்டாரம், அடைத்தவர் முகவரி எது என்று சின்னத் துண்டுச் சீட்டாவது ஒட்டியிருக்க வேண்டும். புட்டியின் அடிப்பக்கம் வெள்ளை மையில் ஓர் எண் இருக்கும். எந்த வருஷம், அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள், எத்தனை மணிக்கு நிரப்பியது என்று. பேர் பெற்ற வைன் ஒன்றின் அடியிலும் அதே நாள் இருந்தால் இரண்டும் ஒரே தொட்டிச் சரக்காக இருக்கலாம். அதற்காக டிரெவர் கடை கடையாகப் போய் விலையுயர்ந்த புட்டிகளைக் கவிழ்த்துப் போனில் படம் எடுப்பான். ஒரு கடையில் அவனை வெளியே போகச் சொன்னார்கள். அதை அவன் ஒரு விருது மாதிரி சொல்லித் திரிந்தான்.

இந்த வேட்டையில் அவனுக்கு ஒரே கூட்டாளி நோயல் ஷிர்மர். பத்துக் கிலோமீட்டர் தள்ளி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் வீடு. சொந்தமாக எந்திரம் வைக்காத தோட்டங்களுக்கு வைன் அடைத்துக் கொடுக்கும் லாரி ஒன்று உண்டு. தோட்டம் தோட்டமாகப் போகும். நோயல் போன வருஷம் வரை அதில்தான் வேலை பார்த்தான். ஆனாலும் எந்தப் புட்டி யாருடையது என்பதில் பதினோரு வருஷமும் டிரெவர்தான் ஜெயித்தான். "பத்தொன்பது வருஷம் வண்டியில இருந்தும் உனக்கு மூடி திருகத்தான் தெரியும்டா" என்று டிரெவர் கிண்டல் பண்ணுவான். நோயல் சிரித்துக்கொண்டே தன் கிளாஸை நீட்டுவான். அந்தச் சிரிப்பை கிளெனிஸ் அப்போதெல்லாம் கவனித்ததில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

அடக்கம் புதன்கிழமை. வீட்டில் முட்டை சாண்ட்விச்சும் சாஸேஜ் ரோலும் வைத்து ஊர்க்காரர்கள் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. கூரியர்காரன் இரண்டு பெட்டி கொண்டுவந்திருந்தான். மாதிரிக்கு வாங்கிய ஒரு புட்டியைப் பார்த்துவிட்டு, டிரெவர் இறப்பதற்கு முந்தின நாள் வாங்கியது. மது என்பதால் பெரியவர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். நோயல் போட்டான். பெட்டிகளைத் துணி துவைக்கும் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். நல்ல மனுஷன், சொல்லாமலே செய்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

நோயல் வெகுநேரம் திரும்பவில்லை. வந்தபோது கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான்.

போகும்போது வாசலில் நின்று கிளெனிஸின் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த ரெண்டு பெட்டியும் உனக்கு எதற்கு, நீ தனியாகக் குடிக்கவா போகிறாய், டிரெவ் கொடுத்த விலைக்கே நான் எடுத்துக்கொள்கிறேன் என்றான். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அவன் படி இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"அந்த முதல் புட்டி ஒண்ணு இருந்துச்சே, அவன் உன்னப் படிக்கச் சொன்னது. அது எங்க?"

"தெரியல. யாரோ எடுத்து வச்சிட்டாங்க," என்றாள் கிளெனிஸ். ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் துணி துவைக்கப் போனபோது அந்த அறையில் ஸ்பிரிட் வாடை அடித்தது. சன்னல் கறை துடைக்க வைத்திருந்த பாட்டில் பாதிதான் இருந்தது. கூடையில் அவளுடைய கருநீலப் பாத்திரத் துணி சுருட்டிக் கிடந்தது. விரித்தாள். நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பெட்டியைத் திறந்து ஒரு புட்டியை எடுத்துக் கவிழ்த்தாள். அடியில் எண் இல்லை. அடுத்ததிலும் இல்லை. இருபத்து நாலையும் தரையில் வரிசையாகப் படுக்கவைத்துப் பார்த்தாள். ஒன்றில்கூட இல்லை. ஒன்றிரண்டில் மட்டும் வெள்ளைக் கீற்று, விரல் போன வழியில்.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாற்பது வருஷத்துப் பழக்கம். மகளின் கல்யாணத்தில் வண்டி ஓட்டியவன். அவள் கணவனை அடக்கம் பண்ணின கையோடு அவள் வீட்டுக்குள்ளேயே எதையோ அழித்துவிட்டு, பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். யாரும் சும்மா செய்யமாட்டார்கள். டிரெவரின் கணினியைத் திறந்தாள். அந்தத் தளத்தில் அந்த வைன் இப்போது இல்லை. விற்றுத் தீர்ந்தது என்றிருந்தது. இறப்பதற்கு முந்தின நாள் சாப்பாட்டின்போது, இது நிஜத்தில் இன்ன வைன் என்று டிரெவர் சொன்ன பேர் நினைவுக்கு வந்தது: ஹார்க்கர் ரிசர்வ். தேடினாள். கடையில் ஒரு புட்டி நூற்றுப்பத்து டாலர்.

அப்படியா சங்கதி என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

டிரெவரின் போனையும் பார்த்தாள். அன்றைக்கு எட்டு பத்துக்கு நோயலிடமிருந்து ஓர் அழைப்பு, எடுக்கப்படாமல். அந்த நேரத்தில் அவள் ஷெட்டில் ஆம்புலன்ஸ்காரர்களோடு நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அவள் செய்தி சொன்னபோது நோயல் அழுதான். ஆனால் நேற்று போன் பண்ணினேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நோயல் இரண்டு தடவை கூப்பிட்டான். ஒரு தடவை சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல் கேட்டு, பெட்டிகளைப் பற்றி முடித்தான். இன்னொரு தடவை, முதல் புட்டி கிடைத்ததா என்று நேராகவே கேட்டான். தேடுகிறேன் என்றாள். அன்றிலிருந்து பின்கதவைப் பூட்டிவைத்தாள். அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது, பூட்டாமலும் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை டிரெவரின் குறிப்பு நோட்டைப் புரட்டினாள். வைன் நோட்டு, ஷெட்டில் ஆணிப் பெட்டிக்கு அடியில் இருந்தது. கடைசிப் பக்கம் அவன் கிறுக்கெழுத்தில்:

'22143. ஹார்க்கர் ரிசர்வும் அதே நாள். நோயலிடம் கேட்டேன், வண்டி அன்றைக்கு முழுநாளும் ஹார்க்கர் தோட்டத்தில்தான் நின்றது என்கிறான். அப்படியானால் உறுதி. இரண்டு பெட்டி வாங்கினேன்.'

அதற்குக் கீழே வேறு பேனாவில், அவன் இறந்த வியாழக்கிழமை எழுதியது:

'நோயல் ரொம்பச் சீக்கிரம் பதில் சொன்னான். மணி பார்.'

அவள் அதை நின்றபடியே மூன்று தடவை படித்தாள். பிறகு நோயலுக்குப் போன் போட்டு, நாளைக்கு மத்தியானம் சாப்பிட வா, புட்டி கிடைத்துவிட்டது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நோயல் தலைவாரிச் சட்டையை உள்ளே விட்டு வந்தான். கையில் பூ. ஆட்டுத்தொடை அடுப்புக்குள் இருந்தது. உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. டிரெவர் வைத்த அதே இடத்தில் அந்தப் புட்டியை வைத்திருந்தாள். நோயல் அதைப் பார்த்தான். பிறகு சன்னலைப் பார்த்தான், தோட்டத்தில் புல் வளர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வந்து வெட்டித் தருகிறேன் என்றான்.

"அந்த அடியில என்ன போட்டிருக்குன்னு படி நோயல்," என்றாள் கிளெனிஸ்.

"நீ படிக்கலையா?"

"எனக்கு ஆவி அடிக்குது. கை ரெண்டும் பாத்திரத்துல இருக்கு. நீ படி."

அவன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினான். புட்டியைக் கவிழ்த்தான். அவள் திரும்பாமல் தண்ணீரை வடித்தாள்.

"எல் இருபத்திரண்டு... நூத்தி நாப்பத்தி மூணு."

"அது தெரியும். கடைசி நாலு."

"பதினாலு. பூஜ்யம் ஏழு."

"அப்படின்னா?"

"மத்தியானம் ரெண்டு மணி ஏழு நிமிஷம்."

"ஹார்க்கர்ல வண்டி அன்னிக்கு எத்தன மணி வரைக்கும் நின்னுச்சு?"

அவள் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீதான வண்டியில இருந்த?"

"பதினொன்றரை வரைக்கும்," என்றான் நோயல். "அப்புறம் ஆத்தங்கரைப் பக்கம் ஒருத்தன் தோட்டம். சின்னத் தோட்டம். பேர் சொன்னாலும் உனக்குத் தெரியாது. இது அவன் சரக்கு. ஒம்போது டாலர் சரக்குதான்."

கிளெனிஸ் இதை எதிர்பார்க்கவில்லை. நூற்றுப்பத்து டாலர் வைனை இவன் அமுக்கப் பார்க்கிறான் என்றுதான் மூன்று நாளாக நினைத்திருந்தாள். அந்த நினைப்பு கையிலிருந்து நழுவியபோது, பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப முழுநாளும் நின்னுச்சுன்னு எதுக்குச் சொன்ன?"

நோயல் புட்டியை மேசைமேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"பதினோரு வருஷம் கிளெனிஸ். ஒரு தடவகூட அவன் தப்புப் பண்ணல. நான் பண்ணாத நாளில்ல. மூடி திருகத்தான் லாயக்குன்னு எத்தன பேர் முன்னாடி சொல்லியிருப்பான். ஒரே ஒரு தடவ ஏமாத்தணும்னு இருந்துச்சு. ரெண்டு பெட்டி வாங்கட்டும், அப்புறம் போன் போட்டுச் சிரிக்கலாம்னு நெனச்சேன்."

"போன் போட்டியே."

அவன் நிமிர்ந்தான்.

"எட்டு பத்துக்கு," என்றாள் கிளெனிஸ்.

"ஆமா. எட்டு பத்துக்கு." குரல் இறங்கிவிட்டது. "அவன் எடுக்கல. கோவமா இருக்கான், கண்டுபிடிச்சிட்டான்னு நெனச்சு நான் சிரிச்சுக்கிட்டிருந்தேன். அங்க என் சமையலறையில தனியா உக்காந்து... காலைல நீ கூப்பிடற வரைக்கும்."

அடக்கத்தன்று பெட்டி வந்ததும் பயந்துபோனதாகச் சொன்னான். அவன் ஒரு நம்பரைப் படிக்கச் சொன்னான், நான் படிக்கவில்லை என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்றைக்காவது பெட்டியைத் திறந்து படிப்பாள். மணி எதற்கு என்று யாரிடமாவது கேட்பாள். சொன்ன பொய் கடைசியில் தன் வாசலில் வந்து நிற்கும். துடைத்துவிட்டால் போகும் என்று தோன்றியதாம்.

"பாத்திரத் துணி போச்சு," என்றாள் கிளெனிஸ்.

"வாங்கித் தர்றேன்."

"வேணாம்."

இதையும் முழுசாக நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதற்கும் பதில் சீக்கிரம் சொல்லிவிடுகிற ஆள் இவன் என்று டிரெவரே எழுதிவைத்திருக்கிறான். ஆனால் இந்தப் பதிலைச் சொல்ல நோயலுக்கு வெகுநேரம் ஆகியிருந்தது. உருளைக்கிழங்கு ஆறிவிட்டது.

அவள் ஏப்ரன் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். கொடுக்கவேண்டாம் என்றுதான் காலையில் முடிவு பண்ணியிருந்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்து அவன் பக்கம் தள்ளினாள். நோயல் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு படித்தான். கீழ் வரிக்கு வந்ததும் நின்றான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"நம்பவே இல்ல பாரு," என்றான். "படுபாவி. ஒரு நாள்கூட முழுசா ஏமாறல."

"மணி மட்டும் தெரியாமப் போயிட்டான்," என்றாள் கிளெனிஸ்.

அவள் எழுந்து தட்டுகளை எடுத்துவைத்தாள். ஆட்டுத்தொடை வெந்துவிட்டது, வெட்டித்தான் ஆகவேண்டும். எண் அழிந்த புட்டிகளில் ஒன்றைத் திறந்தார்கள். நோயல் கிளாஸை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பழக்கத்தில் ஏதோ சொல்லவந்து, சொல்லாமல் குடித்தான். மோசமில்லாத வைன். ஒன்பது டாலருக்குத் தகுந்தது.

போகும்போது பெட்டிகளைக் கேட்கவில்லை. அவள் கொடுக்கவும் இல்லை. அடுத்த வாரம் புல் வெட்ட வருகிறேன் என்றான். வா என்றும் வராதே என்றும் அவள் சொல்லவில்லை. வண்டி திரும்பும் வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்து, பின்கதவைப் போய்ப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது.

முதல் புட்டி மேசைமேல் இருந்தது. கண்ணாடியை ஏப்ரன் ஓரத்தில் துடைத்து மாட்டிக்கொண்டு அதைத் தன் கையால் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில், வெள்ளை மையில், எல் 22143 14:07.