அப்பாவின் நடை

செல்லாண்டி வாசலிலிருந்து நடந்து வந்ததைப் பார்த்த அருள்குமார், குடிக்கப்போன காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மூன்று வயது நிரம்பாத பெண்குழந்தை. ஒவ்வொரு எட்டுக்கும் இடது தொடையில் கையை ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, இடது காலை இழுத்துப் போட்டு வந்தது. சொல்லிக்கொடுத்திருந்தபடி, "வாங்க மாமா" என்றது.

அவர் அந்தக் காலையே பார்த்தார். கிணத்துக்கடவில் தோப்பு வைத்திருப்பவர். இருபது வருஷமாகப் பொள்ளாச்சிச் சந்தையில் ஊராருக்கு மாடு பார்த்துக் கொடுப்பவர். பல்லையும் சுழியையும் பிறகுதான் பார்ப்பார். முதலில் நடக்க விட்டுப் பார்ப்பார்.

"எப்பத்துலிருந்து இப்படி நடக்குது?" என்று தங்கை புவனாவிடம் கேட்டார்.

"ரெண்டு மாசமா இருக்குமுங்கண்ணா. போகப்போகச் சரியாயிரும்னு இருந்தோம்."

"ஆகாதம்மணி. இது பொறப்புலயே வந்தது. யாரு பெத்ததோ, என்ன வம்சமோ. எடுக்கறப்பவே சொன்னேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சந்தையில மாடு புடிச்சாக்கூட எட்டு நாள் தவணை உண்டு. கால்ல கொறை தெரிஞ்சா திருப்பிக் குடுத்துப்போட்டு வேற புடிச்சுட்டு வந்துருவோம். அந்த ஆசிரமத்துல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

"கேட்டு?"

"நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அடுத்த மாசம் காது குத்து. தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சா, இது எங்க புள்ளைன்னு சாமி முன்னால நான் ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்கு என்ற பையன் தீபக்குக்கு இதுதான் மொறைப்பொண்ணும்பாங்க. நான் எப்படி ஒக்காருவேன், சொல்லு."

காபி ஆடை கட்டிக் கிடந்தது. அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

பல்லடத்தில் எட்டுத் தறிகள் ஓட்டும் மருதாசலத்துக்கும் புவனாவுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். கோயமுத்தூர் ஆசிரமத்திலிருந்து ஆறு மாதக் குழந்தையாக இவளைத் தூக்கி வந்தபோது குலதெய்வமான செல்லாண்டியம்மன் பெயரையே வைத்தார்கள். யாரோ பெற்றதற்கு நம் ஆத்தா பேரா என்று பங்காளிகள் முணுமுணுத்தார்கள். "ஆத்தா பெக்காததுன்னு எதாவது இருக்குதுங்களா?" என்று புவனா கேட்டாள்.

மச்சான் அருள்குமார் சொன்னதைக் கேட்டதிலிருந்து மருதாசலம் தறிக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. அவருக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது கால் சூம்பிப்போய், தொடையில் கையை ஊன்றித்தான் நடப்பார். அது தன் பிள்ளைக்கு வரக்கூடாது என்று, சொட்டு மருந்துக்கு ஒரு தவணை தவறாமல் அவரேதான் தூக்கிப் போயிருந்தார். ஒரு முறை கொட்டும் மழையில். தன் ரத்தமாக இருந்தாலாவது தன்னால் வந்தது என்று நினைத்துக்கொள்ளலாம். ரத்தமும் இல்லை. அப்படியும் தேடிப்பிடித்து வந்துவிட்டதே என்று நினைத்தபடி, அறுந்த நூல்களைப் பிணைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இருவரும் குழந்தையைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். எலும்பு டாக்டர் பிரத்யுஷா சின்ன வயசுக்காரர். குழந்தையின் முட்டியைத் தட்டிப் பார்த்தார், பாதத்தைச் சுரண்டிச் சிரிக்க வைத்தார், எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் அதையும் மருதாசலத்தின் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஏனுங்க, நீங்க கொஞ்சம் வெளிய இருக்கறீங்களா?" என்று மருதாசலத்திடம் சொன்னார்.

அவர் தொடையில் கையை ஊன்றி எழுந்து, கதவைத் தாண்டிப் போனார். டாக்டர் மேஜையிலிருந்த ரப்பர் பந்தை அறையின் மூலைக்கு உருட்டிவிட்டார். செல்லாண்டி ஓடினாள். இரண்டு கால்களும் தரையில் நன்றாகப் பதிய, இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்தாள்.

புவனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப அப்பாவோட கையைப் புடிச்சுட்டு நடந்து வரச் சொல்லுங்க."

வராந்தாவின் கோடியிலிருந்து இருவரும் வந்தார்கள். பெரிய கை ஒன்று தொடையில். சின்னக் கை ஒன்று தொடையில். பெரிய தோள் சாய்ந்தபோது சின்னத் தோளும் சாய்ந்தது. உட்கார்ந்திருந்த நோயாளிகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எலும்பு, நரம்பு எல்லாம் அருமையா இருக்குங்க," என்றார் டாக்டர். "நாளெல்லாம் யாரு கூட இருக்கா?"

"அவுங்கப்பா கூடத்தானுங்க. நான் தறிக்கு நூல் பாவு ஓட்டப் போயிருவேன்."

"ஓடறப்ப மறந்துருதுங்க. நடக்கறதுன்னாலே இப்படித்தான்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

புவனா சிரித்தாள், அழுதாள். மருதாசலம் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் மகள் கண்ணில் படும்படி நடப்பதை நிறுத்திவிட்டார். அவள் வந்தால் உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் வேண்டுமென்றாலும் அவள் விளையாடப் போகும்வரை காத்திருப்பார். அவள் கையைப் பிடித்து இழுத்தால், "அப்பாவுக்கு வேலை இருக்குது கண்ணு" என்பார். நாலு நாள் புவனா பொறுத்தாள். ஐந்தாம் நாள் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு வந்து எதிரில் நின்றாள்.

"எந்திரிங்க. நடங்க."

"என்னையப் பாத்துப் பழகிப்போடுவா, புவனா. என்ற நோவு என்னோட போகட்டும்."

"உங்களப் பாத்து வேற என்னென்ன பழகியிருக்கான்னு தெரியுமுங்களா? நேத்துத் தறியோட்டற ரங்கம்மாக்கா இருமுனாங்க. நீங்க குடுக்கற மாதிரியே ஓடிப்போயிச் சொம்புல தண்ணி மொண்டு குடுக்கறா. அது எந்த வம்சத்துல வந்துதுங்க? பள்ளிக்கோடம் போனா நாலு பிள்ளைகளப் பாத்து நடைய மாத்திக்குவா. மாத்தலைன்னாலும் போகுது. அப்பன் முடங்கி ஒக்காந்து கெடக்கறத மட்டும் அவ பாத்துப் பழக வேண்டாம்."

மருதாசலம் எழுந்தார்.

பங்குனியில் காது குத்து. கோயில் வாசலில் ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். அருள்குமார் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் புது வேட்டியில், தட்டில் சீர்வரிசையும் தங்கத் தோடுமாக வந்து இறங்கினார். முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது.

"டாக்டரே ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாங்களாமே! மனசு குளுந்துபோச்சு. குடு அம்மணி பிள்ளைய," என்று கல்தரையில் உட்கார்ந்து மடியை விரித்தார்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய செல்லாண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு புவனா நின்றாள்.

"டாக்டரு கொறைன்னு சொல்லியிருந்தா ஒக்காந்திருப்பீங்களாண்ணா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். விரித்த மடியைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப வேண்டாமுங்க. பரிட்சை வெச்சுப் பாஸான பிள்ளைக்கு மடி தாரதுக்கு நீங்க எதுக்குங்க, அண்ணா? சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும். ஆனா மடி வேண்டாம்."

கூட்டத்தில் யாரோ, "தாய்மாமன் மடியில்லாம காது குத்தறதா? ஆத்தா ஏத்துக்குவாளா?" என்றார்கள்.

"ஆத்தா பாத்துட்டுத்தான் இருக்கறா," என்ற புவனா, கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒக்காருங்க."

ஊரில் எந்த அப்பனும் செய்யாததை மருதாசலம் செய்தார். தரையில் உட்கார்ந்தார். சப்பணமிட அவர் காலால் முடியாது. சூம்பிய இடது கால் வெயிலில் கொதிக்கும் கல்லின் மேல் நேராக நீண்டு கிடந்தது. மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஆசாரி வலது காதைக் குத்தினார். செல்லாண்டி வீறிட்டுத் துள்ளினாள். ஒரு கால் மட்டும் மடங்கிய அந்த மடியில் நிற்காமல் வழுக்கினாள். கல்லின் சூடு ஏறி மருதாசலத்தின் முகம் சுருங்கியது. அவர் காலை நகர்த்தவில்லை. நகர்த்தினால் பிள்ளை விழும்.

"யாராச்சும் காலைப் புடிங்கப்பா," என்றார் ஆசாரி, ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து தள்ளி நின்றிருந்த அருள்குமார், அதை யாரிடமோ கொடுத்தார். வந்து மண்டி போட்டார். தங்கையைப் பார்க்கவில்லை. தோளிலிருந்த புதுத் துண்டை எடுத்து, நாலாக மடித்து, மருதாசலத்தின் காலை ஒரு கையால் மெல்லத் தூக்கி, அதற்கும் கல்லுக்கும் நடுவே விரித்தார். பிறகு உதைத்துக்கொண்டிருந்த இரண்டு சின்னப் பாதங்களையும் பிடித்துக்கொண்டார். செல்லாண்டி குனிந்திருந்த அவர் தலைமயிரைக் கொத்தாகப் பற்றி இழுத்தாள். அவர் விடுவிக்கவில்லை.

ஆசாரி புவனாவைப் பார்த்தார். அவள் குனிந்து, மகளின் இடது காதை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். ஊசி நுனியில் வெயில் மின்னியது.