கசங்காத படுக்கை

சாவி அட்டை கையில்தான் இருந்தது. உள்ளே யாரும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தும் மடிப்பக்கா அந்தக் கதவை மூன்று முறை தட்டி, "ஹவுஸ்கீப்பிங்" என்று குரல் கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றாள். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்திருந்த விடுதியின் பெட்டிக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனார். "அக்கா, இன்னிக்கு நீங்கதான் கெஸ்ட்டு. உங்க ரூமு. தாராளமா தொறந்து போங்க," என்றார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். பெட்டிக்காரர் அந்தச் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போனார்.

மடிப்பக்கா என்பது அந்தக் கடற்கரை விடுதியில் அவளுக்கு விழுந்த பெயர். கட்டில் விரிப்பின் மூலையை அவள் மடித்துச் செருகினால், ஒரு குடும்பமே ஏறிக் குதித்தாலும் அது வெளியே வராது என்பது பேச்சு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்போதைய மேற்பார்வைக்கார அம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: அறைக்குள் நுழைகிறவருக்கு, தனக்கு முன்னால் இங்கே ஒரு ஜீவன் இருந்தது என்ற நினைப்பே வரக்கூடாது. ஒரு முடி, ஒரு சொட்டுத் தண்ணீர், கண்ணாடியில் ஒரு விரல் ரேகை இருக்கக்கூடாது. இருபது வருஷத்துக்குக் கிட்ட அதையே செய்து செய்து அது அவளுடைய சுபாவமாகவே ஆகிவிட்டது. விடுதிக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில் அவளுடைய கட்டிலைப் பார்த்தால், இதில் ஆள் படுக்கிறதா என்று சந்தேகம் வரும். அக்கா வீட்டில் ஒரு நாள் தங்கினால்கூட, குடித்த டம்ளரைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, வந்துபோன சுவடே தெரியாமல் கிளம்பி வருவாள்.

வருஷத்துக்கு ஒருமுறை நல்ல ஊழியர் என்று ஒருவரைப் பொறுக்கியெடுத்து, அவர் போட்டோவை ஊழியர் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டி, கடலைப் பார்த்த அறையில் இரண்டு நாள் குடும்பத்தோடு விருந்தாளியாக இருந்துகொள் என்று விடுவது நிர்வாகத்தின் வழக்கம். போன வருஷம் வண்டி ஓட்டுகிறவருக்குக் கிடைத்தது. அவர் மாமனார் வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அதற்கு முந்தின வருஷம் சமையல்காரர். இரண்டு நாளும் கதவைத் திறக்காமல் தூங்கித் தீர்த்தார். இந்த வருஷம் மடிப்பக்கா. மேனேஜர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, யார் யார் வருவீர்கள் என்று கேட்டபோது, யோசிக்காமல் தானும் மகளும் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் மகளிடம் இன்னும் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

மகள் வேறொரு ஊரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், தோழிகளோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். அப்பா இல்லாத பிள்ளை. ஊழியர் குடியிருப்பில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்பதால் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். அம்மாவும் மகளும் சண்டை போட்டதே இல்லை. சண்டை போடுகிற அளவுக்கு இருவரும் ஒரு கூரையின் கீழ் இருந்ததில்லை என்பதுதான் உண்மை. மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு பள்ளி விடுமுறையில் பெரியம்மா அவளைக் கடல் பார்க்கக் கூட்டிவந்தாள். மடிப்பக்காவுக்கு அன்று லீவு என்று ஏற்பாடு. காலையில் திடீரென்று ஒரு பெரிய கூட்டம் வந்து இறங்கியதில் லீவு காற்றில் போயிற்று. வாசல் காவலாளி, அம்மா வேலையில் இருக்கிறாள் என்று சொல்லி இருவரையும் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார வைத்தார். பொழுது சாய்கிறவரை அங்கேயே இருந்துவிட்டு அவர்கள் பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள். மடிப்பக்கா கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தபோது மரத்தடியில் ஒரு பிஸ்கட் உறைதான் கிடந்தது.

மகள் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை, வேலைக்குச் சேர்ந்த புதிதில், போனில் பேச்சுவாக்கில் சொன்னாள்: "உன்கூட ஒக்காந்து கடல் பாத்ததே இல்லம்மா நான்." அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அதுதான் மடிப்பக்காவுக்குத் தாங்கவில்லை.

ஆகவே இந்த இரண்டு நாளை அவள் எதற்காக எதிர்பார்த்திருந்தாள் என்று விளக்க வேண்டியதில்லை. போனில் கூப்பிட்டுச் சொன்னபோது மகள் எந்தெந்த நாள் என்று கேட்டுக்கொண்டாள். பிறகு, "லீவு கெடச்சா பாக்கலாம்மா. வந்தா சனிக்கிழமை சாயங்காலம் வருவேன். நம்பி ஒக்காந்துட்டு இருக்காத," என்றாள். நம்பி உட்காராதே என்றால் எந்தத் தாய் கேட்டிருக்கிறாள்? அந்தப் பாக்கலாம் என்ற சொல் வருகிறேன் பக்கம் சாய்கிறதா, வரவில்லை பக்கம் சாய்கிறதா என்று துண்டு மடிக்கும்போதெல்லாம் எடை போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அந்தப் பக்கம் சாயும், ஒரு நாள் இந்தப் பக்கம்.

வெள்ளிக்கிழமை நகரவே மாட்டேன் என்றது. அறையில் எதைப் பார்த்தாலும் வேலையாகவே தெரிந்தது. திரைச்சீலையில் ஒரு கொக்கி கழன்றிருந்ததைப் பார்த்துவிட்டு நாற்காலி மேல் ஏறி மாட்டினாள். அந்த அறையைப் பெருக்கிய நாள்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அதில் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தால் விரிப்பு கசங்கும், சோபாவில் சாய்ந்தால் மெத்தை அமுங்கும். கடைசியில் மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியின் நுனியில், பேருந்து நிலையத்தில் உட்காருவது மாதிரி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாயங்காலம் உணவகத்துக்குப் போனால் அங்கே இரண்டு பேருக்கு மேசை போட்டிருந்தார்கள். பரிமாறுகிறவர் தினமும் அவளோடு பின்கட்டில் டீ குடிக்கிறவர்தான். இன்றைக்கு இடுப்பை வளைத்து, என்ன வேண்டும் மேடம் என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்தார். பிறகு எதிரே இருந்த தட்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, எடுத்துவிடட்டுமா என்றார். இருக்கட்டும், நாளைக்கு வருவாள் என்றாள். நாளைக்கு வரப்போகிறவளுக்கு இன்றைக்கு எதற்குத் தட்டு என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷர். சுற்றிலும் எல்லா மேசையிலும் பிள்ளைகள் ஈரத் தலையோடு கத்திக்கொண்டிருந்தன. காலித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் அவசர அவசரமாகச் சாப்பிட்டாள். இத்தனை பேருக்கு நடுவில் இப்படித் தனியாக இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. அவளுடைய தனிமையெல்லாம் கையில் வேலையோடு வருகிற தனிமைதான்.

அன்று கட்டிலின் ஒரு ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். பொழுது விடிந்ததும் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. விரிப்பை உதறி இழுத்து மூலைகளைச் செருகினாள். குளித்த இடத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள், கண்ணாடியைத் துடைத்தாள், துண்டுகளை விளிம்பு பார்த்து மடித்து அடுக்கினாள், பையை அலமாரியின் மேல்தட்டில் உள்ளே தள்ளிவைத்துக் கதவைச் சாத்தினாள். இவ்வளவும் முடிந்து நிமிர்ந்தபோது இன்னும் டீ நேரம்கூட வரவில்லை. சாயங்காலத்துக்கு இன்னும் ஒரு யுகம் கிடந்தது. பால்கனியில் போய் நின்று பார்த்தாள். கீழே மணலில் ஒரு அப்பா மகளைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டு அலைக்குள் போனார். ஒரு அம்மா கரையிலிருந்தபடியே, போதும் வாங்க வாங்க என்று கூப்பிட்டாள். அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

கால் எங்கே போகும்? பழகின இடத்துக்குத்தான் போகும். பின்பக்கத்து லாண்டரியில் துண்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. அறைகள் நிறைந்திருந்தன, வேலைக்கு வரவேண்டிய இரண்டு பெண்கள் வரவில்லை. சலவைக்காரர் அவளைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டு, அம்மா தாயே, விருந்தாளிகள் இங்கெல்லாம் வரக்கூடாது, மேனேஜர் பார்த்தால் என் தலையை உருட்டிவிடுவார் என்று விரட்டினார். பொழுது போகவில்லை, கொஞ்ச நேரம்தான் என்று கெஞ்சிக் கூத்தாடி உள்ளே நுழைந்தாள். எப்போதோ யாருடைய போனோ துணியோடு துணியாக மெஷினில் சுற்றிச் செத்துப்போனதிலிருந்து, லாண்டரிக்குள் போகிறவர்கள் போனை வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். அவள் கை அதையும் தானாகவே செய்தது. பிறகு ஒரு துண்டை எடுத்து உதறினாள், இன்னொன்றை எடுத்தாள். சூடான துணி வாசனையும் சலவைக்காரரின் கேலியும் மெஷின் சத்தமுமாக நேரம் போனதே தெரியவில்லை. நேற்றிலிருந்து முதல் தடவையாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிப்பானேன், ரொம்பச் சந்தோஷமாகவே இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி, பெட்டிக்காரர் யாரோ விருந்தாளியின் சட்டையைத் தேடிக்கொண்டு வந்தார். அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இங்கதான் இருக்கீங்களாக்கா? ஒங்க பொண்ணு வந்துட்டுப் போச்சே."

அவள் கையிலிருந்த துண்டைப் பாதி மடிப்பில் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டிக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். லீவு முன்கூட்டியே கிடைத்துவிட்டது, அம்மாவிடம் சொல்லாமல் வந்தேன் என்று சிரித்துக்கொண்டேதான் அந்தப் பெண் வந்தது. வரவேற்பில் இருந்தவர்கள் அறைக்குப் போன் போட்டார்கள், எடுக்க ஆளில்லை. அது தன் போனிலும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தது. அவர்தான் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே பார்த்துவிட்டு, இங்கே யாருமே தங்கவில்லையே, வேறு அறையா என்று கேட்டது. இதுதான், அம்மா பின்னால் வேலையில் இருப்பார்கள் என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். கூட்டிவரட்டுமா என்றும் கேட்டார்.

"வேணாம்ணே, வேலையில இருந்தா இருக்கட்டும்னு சொல்லுச்சு. நான் வெளியிலதான் நின்னேன். கொஞ்ச நேரம் உள்ள இருந்துச்சு. அப்புறம் பையத் தூக்கிட்டு வந்து, வரேண்ணேன்னு போயிருச்சு."

பாதி மடித்த துண்டை அப்படியே போட்டுவிட்டு லாக்கருக்கு ஓடினாள். போனில் மகளின் அழைப்புகள் வரிசையாக நின்றன. நடைபாதையில் நின்றபடியே கூப்பிட்டாள். நீண்ட நேரம் அடித்து ஓயப்போகிற சமயத்தில் மகள் எடுத்தாள். பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"நான் வேலைக்குப் போகலடி," என்றாள் மடிப்பக்கா. "சும்மா பொழுது போகாம துண்டு மடிச்சுக் குடுத்துட்டு இருந்தேன்." சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

"சரிம்மா. நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல." மகள் குரலில் கோபம் இல்லை. "அன்னிக்கும் வேலையிலதான இருந்தே. உன்னால சும்மா இருக்க முடியாது, எனக்குத் தெரியும்."

அன்னிக்கு என்றால் எந்த அன்னிக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நாளை மத்தியானம் வரைக்கும் அறை நம்முடையதுதான், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வந்துவிடு என்றாள். உணவகத்தில் உனக்கும் தட்டு வைத்திருக்கிறார்கள் என்று அதையும் சொன்னாள். பஸ் எங்கோ நின்று, யாரோ இறங்கி, மறுபடி கிளம்பியது.

"பாக்கலாம்மா," என்றாள் மகள்.

அறைக்குத் திரும்பியபோது கதவைத் தட்ட அவளுக்கு நினைவு வரவில்லை. உள்ளே எல்லாம் காலையில் வைத்தது வைத்தபடியே இருந்தது. துண்டுகள் அடுக்கியபடி, கண்ணாடி பளிச்சென்று. ஒரு தாய் தன் மகளுக்காகக் காத்திருந்த இடம் என்று சொல்ல ஒரு தலைமுடிகூட இல்லை. தன் கையை வெட்டிப் போட்டால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு. இந்த அறையில் ஒரு செருப்பைக் குறுக்கே போட்டிருந்தால், ஒரு ஈரத் துணியைக் காயப்போட்டிருந்தால், பையைக் கட்டில் மேல் எறிந்திருந்தால் மகள் போகாமல் இருந்திருப்பாள். அம்மா இங்கேதான் எங்கேயோ போயிருக்கிறாள் என்று உட்கார்ந்திருப்பாள்.

அப்போதுதான் பார்த்தாள். பழகாத கண்ணுக்கு அது பட்டிருக்காது. கட்டிலின் கடல் பக்கத்து ஓரத்தில், இழுத்துச் செருகிய விரிப்பில், ஒரு பள்ளம். ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம். அதற்குப் பக்கத்தில் உள்ளங்கை ஊன்றிய இடத்தில் நாலைந்து சுருக்கங்கள். மகள் நின்றுவிட்டுப் போகவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடிக் கதவுக்கு நேரே, கடலைப் பார்த்தபடி, கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறாள்.

மடிப்பக்கா அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றாளோ, கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டது. சாயங்கால வேளையில் படுக்கையைச் சரிசெய்துவிட்டுப் போகிற பெண், அவளிடமே மடிப்புப் படித்தவள், வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். என்னக்கா, எனக்கு வேலையே வைக்கவில்லையே என்று சிரித்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். நன்றாகப் பழக்கிய கண். பள்ளம் உடனே தட்டுப்பட்டுவிட்டது. குனிந்து அதைத் தடவிவிடக் கையை நீட்டினாள். மடிப்பக்கா அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"அது இருக்கட்டும்."

அந்தப் பெண் புரியாமல் அவள் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் என்ன தெரிந்ததோ, ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டில்களை மட்டும் மேசையில் வைத்துவிட்டு, வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனாள். கதவைச் சாத்த வேண்டாம் என்று மடிப்பக்கா சொல்லி அனுப்பினாள்.

பிறகு கட்டிலுக்கு அந்தப் பக்கமாகப் போனாள். பள்ளம் கலையாமல், அதை ஒட்டினாற்போல, விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல உட்கார்ந்தாள். மெத்தை அவள் பாரத்துக்குக் கொஞ்சம் சரிந்தது. விரிப்பு ஒரு நூல் அளவு இழுபட்டது. பள்ளம் அப்படியே இருந்தது. கண்ணாடிக் கதவு முழுக்கக் கடல். இத்தனை வருஷம் அந்தக் கண்ணாடியைத்தான் துடைத்திருக்கிறாள். கரையில் பிள்ளைகளைத் துவட்டி ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. வெளிச்சம் தண்ணீரிலிருந்து மெதுவாகப் போயிற்று, அறைக்குள்ளிருந்தும் போயிற்று. விளக்கைப் போட எழுந்தால் மெத்தை அசையும் என்று அவள் எழுந்திருக்கவில்லை.