ஐந்து குண்டுக்கு ஒரு தோட்டாக்கூடு

அக்டோபர் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, டாமரக் துப்பாக்கிச் சங்கத்தின் கூடத்தில், பழைய காபி டப்பாவிலிருந்து எடுக்கப்பட்ட சீட்டில் பெர்னடீன் ஸ்காலாவின் பெயர் இருந்தது. ஓஹியோவின் வடகிழக்கு மூலையில் உள்ள அந்தச் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் பதினொன்றாம் தேதி, காலை பதினொரு மணிக்கு, சீட்டு விழுந்த உறுப்பினர் தமக்குச் சொந்தமான, அந்தப் போர்க்காலத்து ஆயுதத்தால் ஐந்து குண்டுகளை இடைவிடாமல் சுட வேண்டும். குண்டு எங்கே பட்டது என்று எவரும் பார்ப்பதில்லை. ஐந்தும் தடையின்றிப் போய்விட்டால், அவ்வாண்டுக்கு நேரே அவருடைய பெயர் சுவரிலுள்ள ஓக் மரப் பலகையில் எழுதப்படும். நடுவில் சிக்கி நின்றால் அந்த வரி காலியாகவே விடப்படும்.

பலகையில் காலியான வரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பெர்னடீனுடையது. இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன்பு அவளது ரைபிளில் நான்காவது தோட்டா சிக்கிக்கொண்டது. அந்த ரைபிளை அவள் அதே மாதத்தில் விற்றுவிட்டாள். அந்த வரியைப் பற்றிச் சங்கத்தில் யாரும் பேசுவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கும்போது மட்டும் பழையவர்கள் அவள் நிற்கும் திசையை ஒரு முறை பார்ப்பார்கள். அதைவிட வாய்விட்டுப் பேசிவிடுவதே மேல் என்று அவளுக்குத் தோன்றியதுண்டு. நூற்று நாற்பது பேர் உள்ள சங்கத்தில் ஒருவருக்கே இரண்டாம் முறை சீட்டு விழுவது அபூர்வம். மூன்றாம் முறை விழும் என்று அறுபதை நெருங்கும் ஒருத்தி எதிர்பார்ப்பதற்கில்லை.

இப்போது அவளிடம் இருந்த அந்தக் காலத்து ஆயுதம் ஒரு சிறிய கைத்துப்பாக்கி மட்டுமே. ஸ்பெயினில் செய்யப்பட்டு, பிரெஞ்சுப் படைக்குப் போய், எப்படியோ யங்ஸ்டவுன் நகரத்து ஏலம் ஒன்றில் அவள் கைக்கு வந்து சேர்ந்தது. போர் அவசரத்தில் இந்த மாதிரியைப் பல பட்டறைகள் தனித்தனியே செய்து தள்ளின. பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. ஆனால் ஒன்றின் தோட்டாக்கூடு, அதாவது தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசின், மற்றொன்றின் கைப்பிடிக்குள் பொருந்தாது. ஆகையால் துப்பாக்கியிலும் கூட்டின் அடித்தட்டிலும் அந்தந்தப் பட்டறைக்குரிய இரண்டு எழுத்துகளைக் குத்திவைத்தார்கள். பெர்னடீனின் தோட்டாக்கூட்டில் எழுத்துகள் சரியாகவே இருந்தன. அதன் வாய்தான் விண்டிருந்தது. மூன்றாவது தோட்டா ஒவ்வொரு முறையும் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றுவிடும்.

இரண்டு வாரங்கள் தொலைபேசியிலும் கணினியிலும் தேடியும் அதே எழுத்துகள் கொண்ட கூடு எங்கும் கிடைக்கவில்லை. மாதக் கடைசிச் சனிக்கிழமை, மாவட்டச் சந்தைத் திடலில் நடந்த துப்பாக்கிக் கண்காட்சிக்கு அவள் புறப்பட்டாள். சங்கச் செயலாளரும் முப்பதாண்டு நண்பனுமான மெர்ல் ஆஸ்ட்ரண்டர் வண்டியோட்டினான்.

வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி துப்பாக்கியை வாங்கி, காலியாக இருப்பதைப் பார்த்து, ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கைப்பிடியின் உட்குழி வழியாகக் கோத்து இறுக்கினான்.

"தம்பி, அந்தக் குழிக்குள்ளதான் மேகசின் போகணும். அதை வாங்கத்தான் வந்திருக்கேன்" என்றாள் பெர்னடீன்.

"பட்டை இல்லாம ஒரு துப்பாக்கியும் உள்ள போகாதும்மா. ரூல்ஸ்."

"போட்டுப் பாக்காம எப்படி வாங்குறது?"

"எல்லாரும் எப்படியோ வாங்கிட்டுத்தானே போறாங்க. உள்ள பட்டையை வெட்டினா வெளிய அனுப்பிடுவோம், அதையும் சொல்லிட்டேன்."

மெர்லுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெர்னடீன் இருபத்தேழு ஆண்டுகளாக மாவட்டத்தின் எடை அளவை ஆய்வாளர். பெட்ரோல் பங்குகளிலும் இறைச்சிக் கடைகளிலும் அளவுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவளது தொழில்.

"பெட்ரோல் பங்குக்காரன்கிட்ட நீ ரூல்ஸ் பேசுறப்ப அவனுக்கு எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுதா?" என்றான் மெர்ல்.

"நான் சோதிக்க விடுவேன். இவன் அதுக்கும் விடலையே."

கண்காட்சி நடந்த மாட்டுக் கொட்டகையின் கடைசி வரிசையில், ரொட்டித் தட்டுகளில் அந்தப் போர்க்காலத்துத் தோட்டாக்கூடுகளைக் குவித்துவைத்து ராய்ஸ் டேபர் என்ற கிழவர் அமர்ந்திருந்தார். வாசலைத் தாண்டிய பொருள் திரும்பப் பெறப்படாது என்று அவருக்கு முன்னால் ஓர் அட்டை நின்றது. பெர்னடீன் துப்பாக்கியைக் காட்டினாள். அவர் அதைக் கையில் வாங்காமலேயே ஒரு தட்டைத் துழாவி ஒரு கூட்டை எடுத்து நீட்டினார்.

"இது போகும்."

"எழுத்து வேறயா இருக்கே."

"எழுத்தை யாரு பாக்குறா? நாப்பது வருசமா இதைத்தான் விக்கிறேன். கண்ணாலேயே சொல்லிடுவேன்."

பெர்னடீன் கைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தாள். பழைய கூட்டின் அகலம், கனம், நீளம் மூன்றும் ஒரு சிறு அட்டையில் எழுதப்பட்டிருந்தன. அவர் நீட்டியதை அளந்து திருப்பி வைத்தாள். பிறகு தட்டிலிருந்த ஒவ்வொன்றையும் அளக்கத் தொடங்கினாள்.

"என் மேல நம்பிக்கை இல்லையாம்மா?"

"நம்பிக்கை வெச்சாப் போதும்னா எனக்கு உத்தியோகமே இருக்காதுங்க."

"இந்த அம்மா எப்பவுமே இப்படித்தானா?" என்று கிழவர் மெர்லைக் கேட்டார்.

"இன்னிக்கு நல்ல மூட்ல இருக்கா" என்றான் மெர்ல்.

ஐம்பத்தெட்டுக் கூடுகளில் இரண்டு மட்டுமே அளவுக்கு அருகில் வந்தன. இரண்டையும் வாங்கிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். மெர்ல் நகவெட்டியால் பட்டையை நறுக்கினான். முதற்கூடு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. இரண்டாவது வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. கைப்பிடியின் அடியிலிருந்த கொக்கியும் அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் நகத்தின் கனமளவு கீழே தாழ்ந்து, கையை விட்டதும் ஆடிற்று. அந்த நிலையில், சுட்டதும் பின்னே போய்த் திரும்பும் துப்பாக்கியின் மேலுறை தோட்டாவின் தலைக்கு மேலாகச் சறுக்கிப் போகுமே தவிர, அதைத் தள்ளிக்கொண்டு போகாது.

"இது ஒரு பெரிய விசயமா? அடியில ஒரு தகரம் வெச்சா மேல ஏறிடும்" என்றான் மெர்ல்.

அன்று மாலையே அவளுடைய சமையலறையில் அவன் மத்தி மீன் டப்பாவின் மூடியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கூட்டின் அடித்தட்டில் ஈயத்தால் பற்றவைத்தான். மறுநாள் சுடுதளத்தில் ஐந்தைந்தாக நான்கு முறை சுட்டுப் பார்த்தார்கள். இருபதும் தங்குதடையின்றிப் போயின. திரும்பும் வழியில் மெர்ல் தன் போக்கில் ஏதோ சீட்டியடித்துக்கொண்டே வந்தான்.

"மெர்ல், ரூல்ல என்ன இருக்கு?"

"தோட்டாவைத் தவிர எல்லாமே அந்தப் போர்க்காலத்துப் பொருளா இருக்கணும். சுடுறதுக்கு முன்னாடி செயலாளர் கேப்பாரு, நீ ஆமாம்பே. கேக்கப் போறது நான்தானே பெர்னி. ஒரு மத்தி டப்பாவுக்காக நான் உன்னைத் தூக்குலயா போடப் போறேன்?"

அவளும் அதை அத்தோடு விட்டாள். தகரம் குண்டைச் சுடுவதில்லை, கூடு ஆடாமலிருக்க மட்டுமே உதவுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நவம்பர் பத்தாம் தேதி, வேட்டைப் பருவமாகையால், மான் இறைச்சி வெட்டித் தரும் கடை ஒன்றைச் சோதிக்க வேண்டியிருந்தது. தராசின் தட்டுக்குக் கீழே மடித்த தகரத் துண்டு ஒன்று செருகப்பட்டிருந்தது. கடைக்காரர் ஏமாற்றுக்காரர் அல்லர் என்பதும் அவளுக்குத் தெரியும். படிக்கற்களை வைத்துப் பார்த்தாள். தராசு எடையைத் துல்லியமாகவே காட்டிற்று.

"தட்டு ஆடுதும்மா, அதான் வெச்சேன். எடை சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டு, பெர்னடீன் பயன்படுத்தத் தடை என்னும் சிவப்புச் சீட்டை எடுத்துத் தராசில் ஒட்டினாள். தராசோடு வராத ஒரு பொருள் தராசில் இருக்கக் கூடாது என்பது விதி. எடை சரியாக இருப்பது விதிக்கு விலக்காகாது. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பழைய முள் தராசை எடுத்துவர உள்ளே போனார்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவள் கோட்டைக் கூடக் கழற்றாமல் ஈயப் பற்றுக்கோலைச் சூடேற்றினாள். தகரத் துண்டு சற்று முரண்டுபிடித்தபின் கழன்று வந்தது. ஒட்டியிருந்த ஈயத்தைத் துடைத்தெடுத்துவிட்டு, கூட்டைத் துப்பாக்கிக்குள் செருகினாள். முன்போலவே தாழ்ந்து ஆடியது. இடது உள்ளங்கையை அடியில் கொடுத்து அழுத்தினாள். அது இருக்க வேண்டிய உயரத்துக்கு ஏறி நின்றது. மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களைப் போட்டு, மேசையருகே நின்றபடி மும்முறை, ஐந்தைந்தாக, மேலுறையை வலக்கையால் இழுத்துவிட்டுப் பார்த்தாள். இரண்டு முறை ஐந்தும் நகர்ந்தன. மூன்றாம் முறை கை சற்றே தளர்ந்ததில் நான்காவது நின்றுவிட்டது. நான்காவது என்பதால் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்தாள். தகரம் மேசையின் மீதே கிடந்தது. பத்து நிமிடங்களில் மீண்டும் ஒட்டிவிடலாம். அவள் பற்றுக்கோலின் மின் இணைப்பைப் பிடுங்கினாள்.

மறுநாள் காலை சுடுதளத்தில் எழுபது பேர் கூடியிருந்தார்கள். இலேசான பனித்தூறல். பதினொரு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் மெர்ல் முன்னால் வந்தான். அவன் அவள் முகத்தைப் பாராமல், அவளது கோட்டுப் பொத்தானைப் பார்த்துக் கேட்டான்.

"தோட்டாவைத் தவிர இதுல இருக்கிறதெல்லாம் அந்தப் போர்க்காலத்துப் பொருளா?"

"ஆமா."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு விலகினான். அவள் சொன்னது பொய் என்றே அவன் எண்ணினான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதைத் திருத்த இது நேரமன்று.

அந்தக் காலத்து வழக்கப்படி எல்லாரும் கைத்துப்பாக்கியை ஒற்றைக் கையால் நீட்டிச் சுடுவதே சங்கத்தில் நடைமுறை. பெர்னடீன் இடக்கையையும் அடியில் கொண்டுபோனபோது கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"பெர்னி, கையை எடு. ரெண்டு கையால யாரும் சுட்டதில்ல" என்று மெர்ல் தணிந்த குரலில் சொன்னான்.

"சுடக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

அவன் சற்று யோசித்தான். விதி இரண்டே வரிகள்தாம். அவற்றை அவன் மனப்பாடமாக அறிவான்.

"எங்கயும் இல்ல" என்றான்.

அவள் சுட்டாள். முதலாவதும் இரண்டாவதும் இயல்பாகப் போயின. மூன்றாவதில் கூட்டின் ஓரம் உள்ளங்கைச் சதையைக் கவ்விற்று. வலியில் கை தானாகவே கீழே போகப் பார்த்தது. அவள் அதைவிட அதிகமாக மேலே அழுத்தினாள். சதை இன்னும் ஆழமாகச் சிக்கியது. நான்காவது போயிற்று. அது போய்விட்டதை நம்புவதற்கு அவளுக்கு அரை நொடி தேவைப்பட்டது. பிறகு ஐந்தாவதும் போயிற்று. சந்தேகத்துக்கு இடமில்லாதபடி மீண்டும் ஒரு முறை விசையை இழுத்தாள். வெறும் சொடக்குச் சத்தம் மட்டுமே கேட்டது.

யாரோ கைதட்டினார்கள்; மற்றவர்களும் தட்டினார்கள். மெர்ல் தோட்டாக்கூட்டை உருவி, தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். அடித்தட்டு மொட்டையாக இருந்தது. ஓரத்தில் இரத்தம்.

"எப்ப எடுத்த?"

"நேத்து."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. அந்தக் கேள்வியைக் கேக்குறப்ப எனக்கு நாக்கே புரளல."

"ஒட்டினவன் நீதானே. கொஞ்சம் புரளாம இருக்கட்டும்னுதான் சொல்லல."

"நல்ல ஜென்மம்" என்றான் மெர்ல். கைக்குட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

கூடத்தில் அவன் ஏணியைச் சாத்தி, வெள்ளைச் சாயத்தில் தூரிகையை நனைத்து, பலகையில் இவ்வாண்டுக்கு நேரே எழுதத் தொடங்கினான். அவன் கையெழுத்து எப்போதும் வலப்பக்கம் சாயும். பெர்னடீன் கைக்குட்டையை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு, ஸ்காலா என்பதன் கடைசி எழுத்து முடியும்வரை ஏணியருகிலேயே நின்றாள். அதன்பின் மான் கறிக் குழம்புக்கு நின்ற வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.