இரண்டாவது ரக்அத்தில் தெரிந்த சைத்தான்

அஸ்மாவின் கல்யாணப் பேச்சு ஒரு வெள்ளிக்கிழமை மழையில் நின்றுபோனது.

மாப்பிள்ளையாக வரவிருந்த நசீர் ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தான். ஜும்ஆத் தொழுகைக்கு வெள்ளைச் சட்டைதான் போட்டு வந்தான். உள்ளே மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து பனியன் இருந்தது அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரியும். பஸ்ஸிலிருந்து பள்ளிவாசலுக்குள் ஓடுவதற்குள் ஜூலை மழை சட்டையை உடம்போடு ஒட்டவைத்து, பனியன் நெஞ்சிலிருந்த சின்னத்தை வெளியே காட்டியது. அவன் பக்கத்தில் நின்று தொழுதவர் அஸ்மாவின் வாப்பா அப்துல் சமது.

வீட்டுக்கு வந்தவர் தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்: "இந்தச் சம்பந்தம் வேணாம். நெஞ்சுல சைத்தானை வச்சுக்கிட்டுத் தொழ வர்றான்."

அஸ்மாவைப் பார்க்க இரண்டு வருஷத்தில் பதினொரு பேர் வந்து போயிருந்தார்கள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று அவளிடம் கேட்டவன் நசீர் ஒருவன்தான். பன்னிரண்டாவது ஆளைப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

ஞாயிறன்று நசீர் விளக்கம் சொல்ல வந்தான். அஸ்மா திரைக்குப் பின்னால் லப்பெயே தட்டோடு நின்றாள். அந்தப் பர்மா டீ ஆறிக்கொண்டிருந்தது.

"மாமா, அது நூறு வருஷத்துக்கும் முன்னால ரயில்வே வேலைக்காரங்க ஆரம்பிச்ச டீம்."

"ரயில்வேக்காரங்க நல்ல மனுசங்கதான்."

"அப்ப பச்சையும் மஞ்சளும் போட்டு ஆடினாங்க."

"பச்சை நல்ல நிறம்."

"சின்னத்துல மேல கப்பல், கீழ மூணு கோடு. எழுபதுக்கு அப்புறந்தான் கோடுகளை எடுத்துட்டு இந்தச் சைத்தானை வச்சாங்க."

"இல்லாத இடத்துக்குத் தேடிப்போய்க் கூட்டியாந்திருக்காங்க."

"எதிர் டீம் பயப்படணும்னு, மாமா."

"பயந்தாங்களா?"

நசீருக்குப் பொய் வராது. "கொஞ்ச நாள்லயே இவங்க கீழ் டிவிஷனுக்கு இறங்கிட்டாங்க."

அப்துல் சமதுவுக்கு உற்சாகம் பிறந்தது. "இறங்காம? கொம்பு ரெண்டு, கையில மூணு முள்ளுத் தடி, வால் நுனி அம்பு மாதிரி! தொழுகையில ரெண்டாவது ரக்அத் முழுக்க என் கண்ணு முன்னாலயே நின்னான்."

திரைக்குப் பின்னாலிருந்து அஸ்மா கேட்டாள்: "வாப்பா, தொழும்போது கண்ணு நெத்தி வைக்கிற இடத்துலதானே இருக்கணும்? நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

உம்மா கரீமா நேராக இருந்த பிஸ்கட் தட்டை இன்னும் நேராக்கினாள். வெளியே ஒரு சைக்கிள் ரிக்ஷா மணியடித்துப் போனது. சைத்தானைப் பார்த்திருந்தால் தன் தொழுகை என்னவாயிற்று என்று அப்துல் சமது யோசித்தார்.

"தொழுகையில நான் எதையும் பார்க்கலை" என்றார் கடைசியில்.

"அப்ப அந்த வாலு?" என்றாள் கரீமா.

"எந்த வாலு? மாப்பிள்ளை எவ்வளவு நேரமா சும்மா உக்காந்திருக்காரு! லப்பெயே எங்க?"

அஸ்மா தட்டோடு வெளியே வந்தாள். ஆறிப்போன டீயை முதலில் நசீரிடம் நீட்டி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். நசீர் வாய்விட்டுச் சிரித்தான். அப்துல் சமது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் எதையும் பார்ப்பதாக இல்லை.