இரண்டு கன்னைக்கும் ஒரு முதலாளி

பாலசிங்கத்தார் எதை வாங்கினாலும் மனைவி பரிமளத்தின் பெயரில் எழுதிவிடுவார். தீவுப்பகுதி ஆண்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. வீடு அவளுடைய சீதனம், காணி அவளுடைய சீதனம், அவர் உழைத்து வாங்கிய மினிபஸ்ஸும் வவுனியா அரிசி ஆலையும்கூட எப்படியோ அந்தப் பக்கம்தான் போய்ச் சேர்ந்திருந்தன. நயினாதீவில் அவர் குடியிருக்கும் சீதன வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் பரிமளத்தைக் கேட்டுத்தான் அடிப்பார். முப்பத்தைந்து வருடமாக அப்படித்தான். அப்படிப்பட்ட மனிதர், ஒரு உதைபந்தாட்ட அணியை மனைவியின் பெயரில் எழுதிவிட்டு அது தன்னுடையது என்று எப்படி நினைத்தார் என்பதுதான் இன்றுவரை ஒருவருக்கும் விளங்காத சங்கதி.

அணி வாங்கும் வியாதி அவருக்குப் பிந்தித்தான் வந்தது. காலியில் இரும்புக்கடை, கொழும்பில் மொத்த வியாபாரம், வவுனியாவில் ஆலை என்று ஓடித் திரிந்துவிட்டு, அறுபது வயதில் ஊரோடு வந்தவருக்குக் கை சும்மா இருக்க மறுத்தது. ஒருநாள் ஊர்காவற்றுறையில் பஸ்ஸுக்காகக் குந்தியிருந்தபோது, பக்கத்து மைதானத்திலிருந்து ஒரு கரப்பந்து பறந்து வந்து அவர் மடியில் விழுந்தது. பந்தைக் கேட்டு வந்த பெடியளின் காலில் சப்பாத்து இல்லை. பஸ் வருவதற்குள் அந்த அணி அவருடையதாகிவிட்டது. அடுத்த வருடம் ஒரு கபடி அணி. ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம், பயிற்சியாளர், முதுகில் முதலாளியின் படம் அடித்த சட்டை என்று எல்லாம் பெரிய எடுப்பு. முதல் ஆட்டத்திலேயே எதிரணி பிடித்து இழுத்த இழுவையில் சட்டையோடு சேர்த்து முதலாளியின் மூக்கும் கிழிந்தது.

மூன்றாவதுதான் ஆசைப்பட்டு, வழக்கத்துக்கு மாறாகத் தன் பெயரிலேயே வாங்கியது. அது புங்குடுதீவில் அவர் பிறந்த இறுப்பிட்டியின் உதைபந்தாட்ட அணி. சின்ன வயதில் அங்கே விளையாட்டுக்குக் கன்னை பிரிக்கும்போது, இரண்டு கன்னைக்கும் வேண்டாமல் கடைசியில் மிஞ்சி நிற்பவர் அவர்தான். பந்து பொறுக்க மட்டும் விட்டார்கள். கலியாணம் முடித்து மனைவியின் ஊருக்குப் போனபிறகு இறுப்பிட்டியில் அவருக்கு 'நயினாதீவு மாப்பிள்ளை' என்று பெயர். நயினாதீவிலோ 'இறுப்பிட்டியார்' என்று பெயர். இடையில் கிடக்கும் துண்டுக் கடலில் படகு போகும்போது மட்டும்தான் தன்னை ஒருவரும் பிறத்தியான் என்பதில்லை என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் அது அவருக்கு உள்ளுக்குள் வலித்தது.

இறுப்பிட்டி அணியை வாங்கியதும் நயினாதீவு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. பெண் கொடுத்த ஊர் இருக்க, பிறந்த ஊருக்கு அள்ளிக் கொடுக்கிறாராம். சமாதானத்துக்காக நயினாதீவு அணியையும் வாங்கினார். ஒரு லீக்கில் ஒருவருக்கு ஒரு அணிதான் என்றது விதி. அதற்கென்ன, பரிமளத்தின் பெயரில் எழுதினார். பழகிய கைதானே.

அந்த வருடம் இரண்டு அணியும் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டன.

பாலசிங்கத்தாருக்குக் கால் நிலத்தில் படவில்லை. யார் வென்றாலும் கிண்ணம் தன் வீட்டுக்கு என்று படகில் ஏறியவர் இறங்கியவருக்கெல்லாம் சோடா வாங்கிக் கொடுத்தார். அந்தச் சந்தோசத்தில் மண் போட்டவர் தம்பு. பெரியப்பாவின் மகன், இறுப்பிட்டிக் கழகத்தின் தலைவர். குறிகட்டுவான் இறங்குதுறையில் வைத்துப் பாலசிங்கத்தாரின் தோளில் கை போட்டு, கிண்ணம் இறுப்பிட்டிக்கு வந்தால் மேளதாளத்தோடு ஊரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போவோம் என்றார். பிறகு குரலை இறக்கினார்.

"அதுக்குப் பிறகு உன்னை ஆரும் நயினாதீவு மாப்பிள்ளை எண்டு சொல்லேலாது, பாலா. நீ எங்கட ஆள்."

எங்கட ஆள். அந்த இரண்டு சொல்லுக்காக அவர் அரிசி ஆலையையே கொடுத்திருப்பார், அது அவருடைய பெயரில் இருந்திருந்தால்.

அன்று பின்னேரம் குசினி வாசலில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நயினாதீவு அணியின் மிரோஜனைப் பற்றிப் பேச்செடுத்தார். மிரோஜன் மண்டைதீவுப் பெடியன். அவன் காலில் பந்து பட்டால் பிறகு அவனைப் பிடிக்க ஆள் இல்லை. பாவம், நல்லாய்க் களைத்திருப்பான், இறுதியாட்டத்தில் அவனுக்கு ஓய்வு கொடுத்தால் என்ன என்றார். பரிமளம் கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அணி ஆற்ர பேரில இருக்கு?"

"உம்மட பேரிலதான். அது லீக்குக்காக எழுதினது."

"இந்த வீடும் என்ர பேரிலதான் இருக்கு. மிரோஜன் விளையாடுவான்."

பரிமளத்தோடு வாதாடி வென்ற சரித்திரம் அவருக்கு இல்லை. ஆகவே கள்ள வழியில் இறங்கினார். இறுதியாட்டத்தன்று மத்தியானம், ஊர்காவற்றுறை மைதானத்துக்குப் பக்கத்தில், ஊர் மருமகன் தரும் விருந்து என்று சொல்லி நயினாதீவு அணியைப் பந்திக்கு அழைத்தார். நண்டும் இறாலும் போட்ட ஒடியல் கூழ், சோறு, வகை வகையாய்க் கறி, கடைசியில் பாயாசம். மருமகன் வைத்த விருந்தைப் பாதியில் விட்டு எழும்புகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. இவ்வளவையும் தின்றுவிட்டு எப்படி ஓடுகிறார்கள் பார்ப்போம் என்று அகப்பையைத் தானே கையில் எடுத்தார்.

அவர் மறந்தது ஒன்றைத்தான். பந்தி விரித்த இடத்துக்கு வந்தவனைத் திருப்பி அனுப்புகிற வழக்கமும் எங்கள் பக்கத்தில் இல்லை. கூழ் வாசத்தைப் பிடித்துக்கொண்டு இறுப்பிட்டி அணி முழுதாக வந்து இறங்கியது. தங்கள் முதலாளியின் விருந்து என்ற உரிமையோடு சப்பாத்துகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பந்தியில் இருந்தார்கள். அவர்களுடைய கோல்காப்பாளர் கூழுக்கு மேல் கூழ் கேட்டார். காணும் தம்பி, விளையாட்டு இருக்கு என்று பாலசிங்கத்தார் கெஞ்சினார். முதலாளி பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்கள்.

ஆட்டத்தைத் தொடங்க நடுவர் ஊதினார். ஆனால் தொடங்கியதாகத் தெரியவில்லை. ஒருவனைத் தவிர அத்தனை பேரும் நிறைமாதப் பெண்கள் மாதிரி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நடந்தார்கள். பந்து கிட்ட வந்தால், நீங்கள் எடுங்கோ என்பதுபோல மரியாதையாக அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். இறுப்பிட்டிக் கோல்காப்பாளர் கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

அந்த ஒருவன் மிரோஜன். விடிய, கூழ் காய்ச்சும் வீட்டுக் கிடாரங்கள் படகில் ஏறியதைக் கண்டதுமே பரிமளத்துக்கு மனுசனின் திட்டம் விளங்கிவிட்டது. எல்லாரையும் தடுத்தால் தன் புருசனின் விருந்தைத் தானே பழித்ததாகும். அதனால் மிரோஜனை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டு, இரண்டு வாழைப்பழமும் தேத்தண்ணியும் கொடுத்திருந்தாள். இப்போது அவள் மைதானத்தின் மறுபக்கத்தில், நயினாதீவுச் சனத்தின் நடுவில் குடை பிடித்துக்கொண்டு இருந்தாள். பக்கத்துக் கதிரையில் அவளுடைய கைப்பை மட்டும் இருந்தது. இறுப்பிட்டிப் பக்கத்தில் தம்புவோடு இருந்த பாலசிங்கத்தார் அந்தக் கதிரையைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

ஆட்டம் முடியும் நேரத்தில் மிரோஜனிடம் பந்து வந்தது. அவன் தூக்கத்தில் நடப்பவர்களுக்கு இடையில் புகுந்து புகுந்து ஓடினான். பாலசிங்கத்தார் எப்போது எழும்பினார் என்று அவருக்கே தெரியாது. கதிரை பின்னுக்கு விழுந்தது. சால்வை கையில் சுழன்றது.

"அடியடா மிரோஜன், அடி! எங்கட ஊர் பாத்துக்கொண்டிருக்கு!"

கோல்காப்பாளர் கண் விழித்தபோது பந்து வலைக்குள் கிடந்தது. பாலசிங்கத்தார் இரண்டு சுற்று ஆடி முடித்த பிறகுதான் தன்னைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லாததைக் கண்டார். இறுப்பிட்டி முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தம்பு கோபிக்கவில்லை. விழுந்து கிடந்த கதிரையை நிமிர்த்தி வைத்தார்.

"போ பாலா. உன்ர ஆக்கள் அங்கால இருக்கினம்."

அவர் சுற்றிப் போகவில்லை. மைதானத்தின் நடுவாலேயே நடந்தார். நடுவர் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். கொஞ்சம் இளைப்பாறக் கிடைத்ததென்று இரண்டு அணியும் புல்லில் குந்திவிட்டன. பாதி தூரம் போனபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. 'எங்கட' என்ற ஒரு சொல்லை வாங்குவதற்கு எவ்வளவு கூழ் ஊற்றினார், அது தன் வாயிலேயே கிடந்திருக்கிறது. பரிமளம் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பின்னேரப் படகில் மேளம் அடித்தபடி நயினாதீவுச் சனம் ஊர் திரும்பியது. இறுப்பிட்டியார் நல்லாய்த்தான் கத்தினவர் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அந்தப் பெயர் இந்தப் பிறவியில் போகாது. கிண்ணத்தை உரிமையாளரின் கையில்தான் கொடுத்திருந்தார்கள். அவள் அதைத் தூக்கி அவருடைய மடியில் வைத்தாள். அவர் அதைத் தடவிக்கொண்டே, பழக்கதோசத்தில் கேட்டார்.

"இஞ்சேரும், இதை வைக்க விறாந்தைச் சுவரில ஒரு தட்டு அடிக்கவேணும். ரெண்டு ஆணி அடிக்கலாமோ?"

"அதுக்கேன் என்னைக் கேக்கிறியள்? உங்கட வீடுதானே."

தட்டுக்கு இரண்டு ஆணி காணும். மறுநாள் காலை பாலசிங்கத்தார் ஆசை தீரப் பன்னிரண்டு ஆணி அடித்தார்.