பாப்பா பேரில் ஒரு கார்டு

இருபத்துநாலு வயதாகிவிட்டது, கடல் தாண்டி வந்து மேல்படிப்பு படிக்கிறாள், ஆனாலும் வீட்டாருக்கு அவள் பாப்பாதான். அந்தப் பாப்பா முதல்முறையாக வாடகைக்கு வீடு கேட்டுப் போன கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். வீடு காட்டிய அம்மாள் ஃபாரத்தைப் புரட்டிவிட்டு, இந்த ஊரில் எங்கேயாவது கடன் வாங்கியிருக்கிறாயா என்று கேட்டாள். பாப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு பைசா கிடையாது, எங்கள் வீட்டிலேயே யாருக்கும் கிடையாது என்றாள். பாராட்டுவாள் என்றுதான் நினைத்தாள். அந்த அம்மாளோ ஃபாரத்தை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

கடன் வாங்கித் திருப்பிக் கட்டியவர்களைத்தான் அங்கே நம்புவார்களாம். வாங்காதவளை எதை வைத்து நம்புவது என்கிறார்கள். என்ன கூத்து இது! வாங்கினவனுக்கு வரவேற்பாம், வாங்காதவளுக்கு வாசற்படியாம்.

பாப்பாவின் அப்பா பிளம்பர். முப்பது வருஷமாக ஊரார் வீட்டு ஒழுகலை எல்லாம் அடைத்துக்கொண்டிருப்பவர். மளிகைக் கடையில்கூட ஒருநாளும் 'எழுதி வச்சுக்கோ' என்று சொன்னதில்லை. வந்ததும் ரொக்கம், போனதும் ரொக்கம். 'கடன் அன்பை முறிக்கும்' என்று கடைகளில் பலகை மாட்டியிருப்பார்களே, அதை வீட்டுக்குள்ளேயே மாட்டவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் வளர்த்த பெண்ணிடம் போய், கடன் வாங்கி நல்ல பேர் எடு என்றால் எப்படி?

வேறு வழியில்லாமல், நாலு பெண்கள் குடியிருந்த ஒரு வீட்டின் கூடத்தில், திரைக்குப் பின்னால் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வங்கிக்குப் போனாள். அங்கே மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் நிதானமாக விளக்கினாள். ஐந்நூறு முன்பணம் கட்டினால், ஐந்நூறு வரைக்கும் செலவழிக்க ஒரு கார்டு. மாதாமாதம் பில் வந்ததும் கட்ட வேண்டும். கட்டக் கட்ட, இவள் ஒழுங்கானவள் என்று பதிவாகும்.

"என் காசையே வாங்கி வச்சுக்கிட்டு எனக்கே கடன் குடுக்கிறாங்களாம். நம்ம விரலை வச்சே நம்ம கண்ணைக் குத்துற கதையா இருக்கே!" என்று பாப்பா தமிழில் முணுமுணுத்துக்கொண்டாள். வெளியே அந்த ஊர் மொழியில் நன்றி சொன்னாள்.

முதல் மாதம் கார்டு பெட்டிக்குள் துணிகளுக்கு அடியிலேயே தூங்கியது. இரண்டாம் மாதம் துணிந்து ஒரு பை வெங்காயம் வாங்கினாள். வாங்கிய கையோடு வீட்டுக்கு ஓடிவந்து, வெங்காயத்தைக் கீழே வைப்பதற்கு முன்னால் பணத்தைக் கட்டிவிட்டாள். இப்படியே மூன்று மாதம். பில்லில் முட்டை முட்டையாக வந்தது, அவள் பேரில் எதுவும் பதியவில்லை. கண்ணாடிக்காரப் பெண் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பில் வருகிற வரைக்குமாவது கடனைக் கொஞ்சம் இருக்க விடு தாயே என்கிற மாதிரி எடுத்துச் சொன்னாள். வெங்காயக் கடனை வைத்துக்கொண்டு இருபது நாள் தூங்குவது முதலில் பெரும்பாடாக இருந்தது. பழகப் பழகச் சரியாகிவிட்டது. ஒரு பில்கூடத் தவறாமல் ஒன்பது மாதம் ஓடியது.

அந்த நேரம் பார்த்து, அவள் இருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். பரீட்சையோ தலைக்கு மேல் நிற்கிறது. அலைந்து திரிந்ததில் கல்லூரிக்குப் பக்கத்தில் ஓர் அறை அமைந்தது. ஒண்டிக்கட்டைக்குப் போதுமான சமையல் மேடை, ஜன்னல், உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்ளக்கூடிய கதவு. குடியிருப்பு மேனேஜர் இவள் கடன் கட்டிய கணக்கைப் பார்த்துவிட்டு, குறைந்த காலம்தான், ஆனால் சுத்தமாக இருக்கிறது என்றார். திங்கட்கிழமை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வாராம். பாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, வீடு கிடைச்சிடும் போல! கார்டை ஒழுங்காக் கட்டினேன்ல, அதனால என்னை நம்புறாங்க."

"என்ன கார்டு?"

"கிரெடிட் கார்டுப்பா."

"கடன் கார்டா?"

தவளை தன் வாயால் கெட்டது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் அப்பா காதில் ஏறவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் அவள் கணக்கில் ஒரு பெரிய தொகை வந்து விழுந்தது. பின்னாலேயே அம்மாவின் போன்.

"உங்கப்பா வேலைக்குப் போற வண்டியை வித்துட்டார்டி! எம்பொண்ணு கடன்ல முழுகிட்டாளேன்னு ரெண்டு நாளா சோறு இறங்கல அந்த மனுஷனுக்கு. சாமான் பையைத் தூக்கிக்கிட்டு பஸ்ல போறாரு வேலைக்கு."

அப்பா போனைப் பிடுங்கினார். "பாப்பா, எவ்வளவு இருந்தாலும் அடைச்சிடு. அடைச்ச கையோட அந்தக் கார்டையும் மூடிடு. வெள்ளிக்கிழமைக்குள்ள மூடிட்டேன்னு நீ எனக்குச் சொல்லணும்."

அன்றைக்கு அவளுடைய மொத்தக் கடன் அந்த ஊர்க் காசில் பதினேழு. ஒரு பை வெங்காயமும் இரண்டு நோட்டுப் புத்தகமும். அதை அடைக்கத்தான் அப்பா வண்டியை விற்றிருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், "சரிப்பா" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வங்கியில் கண்ணாடிக்காரப் பெண் விரலை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு இவளை நிமிர்ந்து பார்த்தாள். யோசித்துத்தான் சொல்கிறாயா என்று கேட்டாள். இந்த ஊரில் உன் பேரில் இருப்பது இது ஒன்றுதான், இதையும் மூடிவிட்டுத் திங்கட்கிழமை போய் நின்றால் மேனேஜர் கையை விரித்துவிடுவார் என்றாள். பாப்பா ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, கதவோரத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டாள். எங்கோ வேலையில் இருந்தார். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"மூடிட்டியா?"

"இல்லப்பா. மூடினா வீடு போயிடும். மாசக் கடைசியில நான் தெருவுலதான் நிக்கணும்."

"எனக்கு வாக்குக் குடுத்தியே."

"குடுத்தேன். ஆனா எனக்குக் கோவம் கோவமா வருதுப்பா. வெறும் பதினேழுக்கு வண்டியை வித்துட்டு நிக்கிறீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" அவள் குரல் உடைந்தது. "இந்தக் கார்டு ஒண்ணுதாம்ப்பா இங்க எனக்கு. இது இல்லேன்னா நான் யாருன்னே இவங்களுக்குத் தெரியாதாம்."

அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. குழாயை மூடியிருக்க வேண்டும்.

"யாருன்னே தெரியாதுன்னா சொன்னாங்க?"

"ஆமாப்பா."

"என்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க."

"யாருப்பா?"

"நம்ம ஊர் பேங்க்ல. உன் படிப்புக்குக் கடன் கேட்டு மூணு தடவை போனேன். அங்க இருந்த பையன் கம்ப்யூட்டர்ல தேடிப் பார்த்துட்டு, உங்க பேர்ல ஒண்ணுமே வரலையே சார், இதுக்கு முன்னாடி எங்கயாவது கடன் வாங்கியிருக்கீங்களான்னான். சத்தியமா இல்லப்பான்னேன், பெருமையா. சம்பளச் சீட்டும் இல்ல, பழைய கடனும் இல்ல, எதை வச்சு சார் குடுக்கிறதுன்னு அனுப்பிட்டான்."

சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றுத்தான் அப்பா அவளை அனுப்பினார். கடன் வாங்க மனசில்லாமல் விற்றார், அவரல்லவா மனுஷன் என்று சொந்தபந்தமெல்லாம் மெச்சியது. அவளும் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். கேட்டுக் கிடைக்காமல் விற்றார் என்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"ஏம்ப்பா சொல்லவே இல்ல?"

"என்னன்னு சொல்றது? உங்கம்மா ஊர் பூரா பெருமை பேசிட்டு இருக்கா. கடன்னாலே எரிச்சல் எனக்கு. அதுலயும் நீ வாங்கினேன்னு கேட்டதும் புத்தி வேலை செய்யல."

"அப்பா, அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பிடறேன். வண்டியைத் திரும்ப வாங்கிடுங்க."

"வேணாம், வேணாம். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டு. ஜன்னல் நல்லா இருக்கான்னு பாரு. குழாய் ஒழுகுதான்னு பாரு."

"அப்ப கார்டு?"

அப்பாவின் குரல் கரகரத்தது.

"மூடாத பாப்பா. முப்பது வருஷம் எவன்கிட்டயும் கை நீட்டாம வாழ்ந்தேன். நான் யோக்கியன்னு ஒரு பேங்குக்கும் தெரியல. உன்னையாவது தெரிஞ்சிக்கட்டும்."