ஃபோர்க்கில் இல்லாத குறை

பட்டறை வாசலில் டார்க்கில் மறுபடி வந்து நின்ற அன்று இஷ்பெல் ஒரு குழாயின் முனையை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். வாசல் வெளிச்சத்தை யாரோ மறைப்பது தெரிந்தது. ஆனாலும் தலை நிமிரவில்லை. குழாயின் வாய் இன்னும் சரியாகப் பொருந்தவில்லை.

"ஆர்டர் எடுக்குறீங்களா?"

பதினாலு வருஷமாகக் கேட்காத குரல். அரம் நின்றது.

"எடுக்குறேன். பத்து மாசம் காத்திருக்கணும்," என்றாள் திரும்பாமலே.

"காத்திருக்கறது எனக்குப் பழக்கம்தான்."

ஸ்காட்லாந்து மலையூரான கிங்யூசியின் ரயில் நிலையத்துக்குப் பின்னால், பழைய மரவாடியில் இருந்தது அவள் பட்டறை. எஃகுக் குழாய்களைப் பித்தளையால் பற்றவைத்து, ஆளுக்கு ஆள் அளவெடுத்து சைக்கிள் கட்டுவாள். ரோட்டில் பறக்கிற சைக்கிள் இல்லை. கூடாரமும் அடுப்பும் சுமந்து, கல்லும் சேறுமாகக் கிடக்கும் மலைத்தடங்களில் மாதக்கணக்கில் போகிறவை. அவள் கைபட்ட சைக்கிள்கள் மங்கோலியா வரை போயிருக்கின்றன. அவள் மட்டும் ஸ்காட்லாந்தைத் தாண்டி ஒரு பகல் கூட ஓட்டியதில்லை.

தாண்டியிருக்க வேண்டியவள்தான். அவளும் டார்க்கிலும் சேர்ந்து நார்வேயின் வடக்கு முனை வரை சைக்கிளில் போவதாக ஒரு காலத்தில் ஏற்பாடு. வரைபடமெல்லாம் வாங்கியாயிற்று. அப்போதுதான் பட்டறை திறந்திருந்தாள், கையில் நாலு ஆர்டர். "ஒரு வருஷம் பொறுத்துக்கோ" என்றாள். அவன் பொறுத்தான். மறு வருஷமும் பொறுத்தான். மூன்றாம் வருஷம் ஒன்றும் சொல்லாமல் இன்வர்னஸில் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டான். ரயிலில் ஒரு மணி நேரம்தான். அந்த ரயிலில் இவளும் ஏறவில்லை, அவனும் ஏறவில்லை.

"எங்க போகப் போற?" என்று கேட்டாள்.

"வடக்கு முனைக்கு. வேலைய விட்டுட்டேன்."

"சரி, சுவரோட ஒட்டி நில்லு. செருப்பக் கழட்டு."

உள்கால் அளவு, முதுகு, கை. நாடாவைப் பிடித்துக்கொண்டு அவன் அருகில் நின்றாள். அவனுடைய பழைய அளவு அவளுக்கு மனப்பாடம். இப்போது இடது தோள் இறங்கியிருந்தது. கை அவ்வளவு தூரம் எட்டவில்லை.

"தோள்ல என்னாச்சு?"

"பனியில விழுந்தேன். காறை எலும்பு உடைஞ்சுடுச்சு. கழுத்தும் முன்ன மாதிரி திரும்பாது."

"அப்ப ஹேண்டில்பாரை உசத்தித்தான் வைக்கணும். நிமிர்ந்து உக்காரணும், பாதிரியார் மாதிரி."

"சைக்கிள் கட்டித் தர்றியா, பிரசங்கம் பண்ணச் சொல்றியா?"

அவள் சிரித்துவிட்டாள். அது அவளுக்கே பிடிக்கவில்லை.

அவன் முறை வர மறு வருஷம் ஏப்ரல் ஆயிற்று. அந்த ஃபிரேமுக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்துத்தான் எஃபி வாயைத் திறந்தாள். பக்கத்துக் கட்டடத்தில் டீக்கடை நடத்துபவள் எஃபி, அறுபத்தைந்து வயது. தினமும் பத்து மணிக்கு இஷ்பெலுக்கு டீ கொண்டுவருவது அவள் வழக்கம்.

"எத்தனை நாளாடி இந்த ஒரே இணைப்பைத் தடவிக்கிட்டிருப்ப? தேஞ்சு போயிடப் போகுது."

"பித்தளை வழவழன்னு இருந்தாத்தான் விரிசல் விடாது."

"மத்தவங்க சைக்கிளுக்கெல்லாம் விரிசல் விட்டாப் பரவாயில்லையோ?"

இஷ்பெல் டீயோடு வந்த இறைச்சி அப்பத்தைக் கடித்தாள்.

ஜூன் முதல் வாரம் சைக்கிள் தயார். பாசிப் பச்சை வண்ணம், அகல டயர், முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் ஃபோர்க்கின் இரு பக்கமும் பை மாட்ட மேலும் கீழுமாகக் கொக்கிகள். நியூகாசிலில் இருந்து கப்பல் ஏற டார்க்கில் பதினைந்தாம் தேதிக்குச் சீட்டு எடுத்திருந்தான். அதற்குள் முழுச் சுமையோடு ஓட்டிப் பார்க்கவேண்டும். கெய்க் கணவாயின் உச்சியில் இருக்கும் டூன் ஏரி வரை போய்த் திரும்புவதாக முடிவு. அவன் புதுசில், அவள் தன் பழைய சைக்கிளில்.

போகும்போது சைக்கிள் சொன்னபடி கேட்டது. கற்கள் மேல் தாவாமல் ஊர்ந்து ஏறியது. ஓடையில் சக்கரம் பாதி முங்கியும் தடுமாறவில்லை. டார்க்கிலின் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தாள் இஷ்பெல். வலி இல்லாமல் உட்கார்ந்திருந்தான். தன் வேலை சரியாக அமைந்தது தெரிந்தது. சரியாக அமைந்த வேலை அவனைக் கொண்டுபோய்விடும் என்பதும் தெரிந்தது.

திரும்பி இறங்கும்போதுதான் முன்சக்கரம் ஆடியது. வேகம் கூடக் கூட ஹேண்டில்பார் இடமும் வலமும் உதறியது. அவன் காலை ஊன்றி நிறுத்தினான். முகம் வெளுத்திருந்தது.

"இறங்கு, நான் பார்க்கிறேன்," என்று அவள் ஏறி இருநூறு கஜம் விட்டாள். காரணம் உடனே புரிந்தது. பைகளை அவன் ரொம்ப உயரத்தில் மாட்டியிருந்தான். அதிலும் அடுப்பும் எண்ணெய்க் குப்பியும் ஒரே பக்கம். கீழ்க் கொக்கிக்கு இறக்கி, சுமையைச் சமமாகப் பிரித்தால் தீர்ந்தது. ஐந்து நிமிஷ வேலை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவனிடம் வந்தாள். கொசுவைவிடச் சின்னப் பூச்சிகள் முகத்தை மொய்த்தன. அவன் அவற்றைத் தட்டியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஃபோர்க்குல குறை," என்றாள். "புதுசா செய்யணும். மூணு வாரம் ஆகும்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. இருபது வருஷத் தொழிலில் வாடிக்கையாளரிடம் அவள் பொய் சொன்னதில்லை.

"சரி," என்றான் டார்க்கில். வேறு எதுவும் கேட்கவில்லை.

கப்பல் சீட்டை மாற்றிக்கொண்டு எஃபியின் டீக்கடை மாடியில் தங்கினான். காலையில் பட்டறையைக் கூட்டினான். மதியம் லீக் வெங்காயத்தாளும் உருளைக்கிழங்கும் போட்டு சூப் வைத்தான், உப்பு எப்போதும் கூட. இஷ்பெல் புது ஃபோர்க் செய்தாள். பழையதை எதிரே ஆணியில் மாட்டிக்கொண்டு, மயிரிழை பிசகாமல் அதே அளவில், அதே வளைவில் செய்தாள். வேறு எப்படிச் செய்வது, பழையதில்தான் ஒரு குறையும் இல்லையே. சாயங்காலம் ஸ்பே நதிக்கரையில் நடந்தார்கள். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத நாட்கள். எதையாவது சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்துக்கொண்டு போவாள். வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்புவாள்.

எஃபி இரண்டு ஃபோர்க்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"எனக்கு எதுவும் தெரியாது, நான் டீ விக்கிறவ. ஆனா இது ரெண்டும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்கு."

"எஃபி, தயவுசெஞ்சு அவன்கிட்ட எதுவும் சொல்லாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்? நீயே சொல்லுவ. உன் முகத்துக்குப் பொய் ஒட்டல."

ஜூலை முதல் ஞாயிறு மறுபடியும் கெய்க். இந்தத் தடவை பைகளைக் கட்டியவள் இஷ்பெல். கீழ்க் கொக்கியில், சமமாக. ஏரிக்கரையில் உட்கார்ந்து ஓட் பிஸ்கட்டும் பாலாடைக்கட்டியும் பிரித்தார்கள். எதிர் மலை தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது.

"டார்க்கில், அந்த ஃபோர்க் நல்லாத்தான் இருந்துச்சு. பை கட்டினதுதான் தப்பு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவன் பிஸ்கட்டை மென்று முடித்தான்.

"எனக்கும் தெரியும். மறுநாள் காலைல நீ ஸ்டேஷனுக்குப் பார்சல் வாங்கப் போனியே, அப்ப பையை இறக்கிக் கட்டி, கோல்ஃப் மைதானத்து இறக்கத்துல விட்டுப் பார்த்தேன். ஆடவே இல்ல."

"பின்ன ஏன் சும்மா இருந்த?"

"மூணு வாரம் கிடைக்குது. யாரு விடுவா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அவன் பார்க்கட்டும் என்று விட்டாள்.

"இருந்துடேன்," என்றாள்.

"முடியாது, இஷ்பெல். அம்பத்தி மூணு ஆகுது. இந்தக் கழுத்து இன்னும் எத்தனை வருஷம் திரும்பும்னு தெரியல. இப்பவும் இருந்துட்டேன்னா, கடைசி வரைக்கும் உன்மேல கோவமாவே இருப்பேன். ஏற்கெனவே பதினாலு வருஷம் அப்படித்தான் இருந்தேன். நல்லா இல்ல அது." பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "நீ வா," என்றான்.

"நாலு பேரு காத்திருக்காங்கடா."

"அன்னைக்கும் நாலு பேருதான்."

அதில் குத்தல் இல்லை. அதுதான் அவளை அதிகம் வருத்தியது. இறக்கம் முழுக்க அவன் முன்னால் போனான். கல் தடத்தில் அம்பு மாதிரி போயிற்று சைக்கிள். ஒரு இடத்தில் இரண்டு கையையும் விட்டுக் காட்டினான். இவ்வளவு நல்ல சைக்கிளை அவள் அதுவரை கட்டியதில்லை.

புதன்கிழமை காலை ரயிலில் அவன் கிளம்பினான். வண்டி நகர்ந்த பிறகும் நடைமேடையில் நின்றிருந்தாள். எஃபி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அன்று அவளிடமிருந்து ஒரு கிண்டல் கூட வரவில்லை.

அவன் ஞாயிறுதோறும் கூப்பிட்டான். டென்மார்க்கில் எதிர்காற்று. ஸ்வீடனில் ஒன்பது நாள் விடாத மழை. பேசிக்கொண்டே சைக்கிளைத் தள்ளுவான். சரளையில் டயர் நெரிபடும் சத்தம் கேட்கும். அவன் பேச்சு நின்ற பிறகும் அதைக் கேட்பதற்காகவே போனை வைக்காமல் இருப்பாள். செப்டம்பர் கடைசியில் வடக்கு முனையிலிருந்து கூப்பிட்டான். "வந்துட்டேன். ஒண்ணுமே தெரியல, ஒரே பனி மூட்டம்," என்றான். குளிர்காலத்துக்கு ஃபின்லாந்தில் ஒரு ஊரில் அறை எடுத்துக்கொண்டு, சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

இஷ்பெல் அந்த நாலு ஆர்டரையும் டிசம்பருக்குள் முடித்தாள். கை வழக்கம்போல வேலை செய்தது. மனசு மட்டும் தினமும் எங்கோ சரளையில் போய்க்கொண்டிருந்தது.

ஜனவரியில் ஒருநாள் அவன் சொன்னான், "ஏப்ரல்ல தெற்கே இறங்கறேன். கிரீஸ் வரைக்கும்."

"மே மாசம் எங்க இருப்ப?"

"போலந்தா இருக்கலாம். கிழக்கு ஓரத்துல ஒரு பெரிய காடு இருக்கு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்," என்றாள்.

மறுநாள் தெற்கே பெர்த் என்ற ஊரிலிருந்து ஒருவர் அளவு கொடுக்க வந்தார். எடுத்து எழுதிக்கொண்டு, "அக்டோபருக்கு மேலதான் ஆகும். மே மாசத்துலேர்ந்து கடை மூடியிருக்கும்," என்றாள். டீத் தட்டோடு நின்ற எஃபி அந்த மனிதர் போகும்வரை காத்திருந்தாள்.

"மூடிட்டு எங்கடி போற?"

"இடம் சரியாத் தெரியல. போலந்துன்னு சொன்னான்."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மே மாதத்துக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.